சப்ஜா விதையைத் தொட்டியில் போட்டால் பேசில் வருமா?

ஜனவரி 21 (கேள்வி)

நாட்டு மருந்துக் கடையில் விற்கிற சப்ஜாவும், பீட்சா மேல் போடும் பேசிலின் விதையும் ஒன்றுதான் என்கிறார்கள். அப்படியானால் ஐம்பது கிராம் சப்ஜா வாங்கித் தூவினால் போதுமே, பாக்கெட் விதைக்கு எதற்குக் காசு? தூவியும் பார்த்துவிட்டேன். ஒரு அங்குல ஆழத்தில் போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினேன், ஒன்றுகூட வரவில்லை. கடைக்காரர்கள் விதையை வறுத்து விற்கிறார்களா? யாராவது முளைக்க வைத்திருக்கிறீர்களா?

ஜனவரி 21, இரவு

முளைக்கும். எங்கள் மாடியில் நிற்கிற செடிகளில் பாதி மருந்துக் கடைச் சப்ஜாவில் வந்தவைதான். வறுத்த விதை என்று நினைக்க வேண்டியதில்லை, ஒரு அங்குல ஆழம்தான் வினை. எள்ளைவிடச் சிறிய விதை, அதற்குள் இருக்கிற சத்து கொஞ்சம்தான். அவ்வளவு மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளிச்சத்துக்கு வர அதனால் முடியாது.

தொட்டி மண் கலவையை முதலில் நன்றாக நனைத்துவிடுங்கள். அதன் மேல் உலர்ந்த விதையைத் தூவி, கரண்டியின் பின்பக்கத்தால் லேசாக அமுக்குங்கள். ஸ்ப்ரேயால் நனைத்தால் போதும், மூட வேண்டாம். மூடாமல் மனசு கேட்கவில்லை என்றால் சலித்த மண்புழு உரத்தை, விதை கண்ணுக்கு மறையும் அளவுக்கு மட்டும் தூவலாம்.

விதை பழைய சரக்கா என்று தெரிய, ஈரத் துணியில் பத்து விதையை மடித்து வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் ஆறேழு வெள்ளை வேர் நீட்டினால் தாராளமாக விதைக்கலாம்.

ஜனவரி 22

ஒன்றா வேறா என்பதற்குப் பதில். இரண்டும் ஒரே இனம்தான். ஆசிமம் பேசிலிகம் என்று 1753-இல் லின்னேயஸ் பெயர் வைத்த செடி. நம் ஊரில் திருநீற்றுப்பச்சிலை என்று மாலையில் வைத்துக் கட்டுகிறோமே, அதே இனம். வீட்டு முற்றத்துத் துளசி இதன் உறவுதான், ஆனால் தனி இனம்.

ஒரே இனம் என்பதால் ஒரே வாசனை என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் வரும். இத்தாலிய ரகமான ஜெனோவீஸில் இலை அகலமாக, மேற்பக்கம் உப்பிக் கிண்ணத்தைக் கவிழ்த்த வடிவில் இருக்கும். அதன் மணத்தில் லினலூல் என்ற வாசனைப் பொருள் தூக்கலாக இருக்கும், கூடவே கிராம்புக்கு மணம் தருகிற யூஜினால் கொஞ்சம். சப்ஜாவில் வருகிற செடிக்கு இலை சிறிது, தட்டை. சீக்கிரமே பூவெடுத்துவிடும். மணம் பெரும்பாலும் சோம்பு வாசனை, அதற்குக் காரணம் மெத்தில் சவிக்கால். வட இந்தியாவில் இந்த எண்ணெய்க்காகவே வயல் கணக்கில் பயிரிடுகிறார்கள். லக்னோவில் இருக்கிற சீமாப் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட சிம்-சௌம்யா அந்த வகை ரகம்தான்.

மருந்துக் கடைச் சரக்கு எந்த வயலில் விளைந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரே கைப்பிடியில் முளைத்த என் செடிகளில் ஒன்று எலுமிச்சை வாசனை அடிக்கிறது, பக்கத்துச் செடி கசக்கினால் அப்படியே சோம்பு, இன்னொன்றின் தண்டு கருஞ்சிவப்பு. எனக்கு அதில் தனி சந்தோஷம் உண்டு. ஆனால் பீட்சா வாசனைதான் வேண்டும் என்றால் ஜெனோவீஸ் என்று எழுதிய பாக்கெட்டையே வாங்குங்கள். சர்பத்துக்கும் துவையலுக்கும் பூ கட்டுவதற்கும் சப்ஜா போதும்.

ஜனவரி 25

ஊறவைத்து விதைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தேவையில்லை. ஃபலூடாவில் பார்த்திருப்பீர்கள், தண்ணீர் பட்டவுடன் விதையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான உறை கட்டிக்கொள்ளும். மேல்தோலில் இருக்கிற ஒருவகை நார்ச்சத்து தண்ணீரை இழுத்து உப்புவதால் வருவது அது. மழை வந்தவுடன் விதை தனக்கான ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும், நிலத்தில் ஒட்டிக்கொள்ளவும் அந்த ஏற்பாடு. ஊறிய விதையைக் கையில் எடுத்தால் விரலை விட்டு இறங்காது, தொட்டியில் ஓர் இடத்தில் கும்பலாக விழும். அந்தக் கும்பல்தான் பின்னால் அழுகலுக்கு வழி வைக்கிறது.

உலர்ந்த விதையோடு இரண்டு பங்கு உலர்ந்த ஆற்று மணலைக் கலந்து தூவினால் பரவலாக விழும். வாங்கிய சப்ஜாவில் தூசும் குச்சியும் கட்டாயம் இருக்கும், ஒருமுறை முறத்தில் புடைத்துவிடுங்கள்.

பிப்ரவரி 2

சென்னையின் இந்த மாதத்து வெப்பத்தில் நான்கிலிருந்து ஏழு நாளில் தலை காட்டும். முதலில் வருகிற இரண்டு இலைகளை உட்கார்ந்து பாருங்கள். அவை விதையிலை. இரண்டும் அரைவட்டம், நேர்க்கோட்டுப் பக்கம் தண்டைப் பார்த்து இருக்கும். ஓரத்தில் ஒரு வெட்டும் இருக்காது. அதன் நடுவிலிருந்து வருகிற அடுத்த ஜோடியில்தான் நரம்பு தெரியும், பேசிலின் மணமும் தெரியும். சில நாற்றின் தலையில் விதைத்தோல் ஒட்டிக்கொண்டே வரும். பிடுங்காதீர்கள், தண்ணீர் தெளித்தால் தானே கழன்று விழும்.

களை எது பேசில் எது என்று குழம்புகிறவர்களுக்கு இந்த அரைவட்டம்தான் அடையாளம். தொட்டியில் தானாக முளைக்கிற குப்பைமேனி, கீழாநெல்லி எதற்கும் இந்த வடிவம் கிடையாது.

பிப்ரவரி 3

படம் போட்டவருக்கு: நீங்கள் விதைத்திருப்பது சியா. சப்ஜா முழுக் கறுப்பு, பளபளப்பு இருக்காது. சியாவில் சாம்பல், பழுப்பு என்று புள்ளி புள்ளியாக வழவழப்பு இருக்கும். சியாவும் துளசிக் குடும்பத்துச் செடிதான், ஆள் உயரத்துக்குப் போகும், பகல் குறைகிற பருவத்தில் பூக்கும். ஆனால் பேசில் வேண்டும் என்று அதை வளர்ப்பதில் பொருளில்லை.

பிப்ரவரி 11

"நேற்று வரை நன்றாக இருந்தது, காலையில் பார்த்தால் படுத்துவிட்டது" என்று நான்கைந்து பேர் எழுதிவிட்டார்கள். எல்லாம் ஒரே கதை. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தைப் பாருங்கள், அங்கே மட்டும் நூலாக இளைத்துப் பழுப்பாகியிருக்கும். மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். அது நாற்றழுகல். மண்ணில் இருக்கிற பூஞ்சை வகைகள் செய்கிற வேலை. நெருக்கமாக விதைத்து, காற்று போகாமல் மூடி வைத்து, மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் கட்டாயம் வரும்.

படுத்த நாற்று எழாது. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மண்ணோடு எடுத்து வீசிவிடுங்கள், மீதி தப்பிக்கும். தொட்டிக்கு அடியில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள், மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். அடுத்தமுறை விதைக்கும்போது டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மண்புழு உரத்தில் கலந்து ஒரு வாரம் நிழலில் வைத்துப் பயன்படுத்துங்கள், உரக்கடையில் கிடைக்கும். கீழ்வீட்டு அக்கா மஞ்சள்தூள் தூவுகிறார், அவருடைய நாற்றும் நன்றாகத்தான் நிற்கிறது. ஆனால் அவர் தண்ணீரும் அளந்துதான் ஊற்றுகிறார். நான் அந்த அளவைத்தான் நம்புகிறேன்.

பிப்ரவரி 24

மாற்றி நடுவது. விதையிலையைத் தவிர இரண்டு ஜோடி இலை வந்ததும் எடுக்கலாம். தண்டைப் பிடிக்காமல் விதையிலையைப் பிடித்துத் தூக்குங்கள். இலை கிழிந்தாலும் செடி பிழைக்கும், தண்டு நசுங்கினால் பிழைக்காது. சாயங்காலம் நடுங்கள்.

செம்மண், கோகோபீட் (தென்னை நார்த்தூள்), மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, ஒரு கை வேப்பம்பிண்ணாக்கு. கோகோபீட்டை ஊறவைத்த தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றிப் பிழிந்துவிடுங்கள். அதில் உப்பு இருக்கும், சென்னை போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்தால் இலை ஓரம் கருகும். பத்து அங்குலத் தொட்டிக்கு இரண்டு செடி, அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

மார்ச் 9

இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்று: வெட்டுங்கள். விதை போடுவதில் பாதிப் பேர் தவறுவதில்லை. முளைத்து அழகாக வந்த செடியைத் தொட மனமில்லாமல் விட்டுவிடுவதில்தான் முக்கால்வாசிப் பேரின் பேசில் ஒற்றைக் குச்சியாக முடிகிறது.

செடியில் மூன்று ஜோடி இலை சேர்ந்ததும் குனிந்து தண்டைப் பாருங்கள். ஒவ்வோர் இலையும் தண்டோடு சேர்கிற மூலையில் மிகச் சிறிய இரண்டு இலைகள் மடங்கி உட்கார்ந்திருக்கும், கண்ணுக்கு நேராக வைத்தால்தான் தெரியும். நுனி இருக்கும்வரை அவை எழாது. இரண்டாவது ஜோடிக்குச் சற்று மேலே தண்டை வெட்டிவிட்டால், சில நாளில் அந்த இரண்டு மூலையும் இரண்டு கிளையாகக் கிளம்பும். அந்தக் கிளைகளில் இரண்டு ஜோடி வந்ததும் மறுபடி அதே வெட்டு. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். தொட்டி நிறைந்துவிடும்.

சமையலுக்கு வேண்டும் என்று அடியில் இருக்கிற பெரிய இலைகளைப் பறிப்பதை நிறுத்துங்கள். செடிக்குச் சோறு போடுவது அந்த இலைகள்தான். எப்போதும் நுனியோடு வெட்டி எடுங்கள். ஒரே நேரத்தில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

என் அம்மா இதை ஒத்துக்கொள்ள நாளானது. துளசியில் நகம் படக்கூடாது என்று வளர்ந்தவர். முதல்முறை நான் கத்தரிக்கோலை எடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது காபி ஆற்றிக்கொண்டே அவர்தான் நுனி கிள்ளுகிறார், எனக்கு வேலையே வைப்பதில்லை.

மார்ச் 10

வெட்டிய நுனியைத் தூக்கிப் போடாதீர்கள். நான்கு அங்குலம் இருந்தால் அடி இலையை எடுத்துவிட்டுத் தண்ணீர் டம்ளரில் வையுங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும்.

மார்ச் 16

டொரன்டோவிலிருந்து கேட்டவருக்கு. இங்கே சொன்ன மாதக்கணக்கு அங்கே பொருந்தாது. பேசிலுக்குக் குளிர் ஆகாது. இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் இலை கறுக்கும், உறைபனி ஒரே இரவில் செடியை முடித்துவிடும். ஏப்ரல் முதல் பாதியில் வீட்டுக்குள் விதையுங்கள், ஜன்னல் வெளிச்சம் போதாது, விளக்கு வேண்டும். உங்கள் ஊர்க்காரர்கள் மே மாதம் விக்டோரியா தின விடுமுறையை ஒட்டித்தான் தக்காளி நாற்றையே வெளியே எடுக்கிறார்கள். பேசிலுக்கு அதற்குப் பிறகும் ஒரு வாரம் பொறுக்கலாம். வெளியே வைக்குமுன் சில நாள் பகலில் மட்டும் நிழலில் வைத்துப் பழக்குங்கள்.

மார்ச் 30

ஜெனோவீஸ் ரகத்துக்குப் பெயர் தந்த இத்தாலிய ஊர் ஜெனோவா பற்றி ஒருவர் கேட்டதால் கொஞ்சம் விலகிப் போகிறேன். அங்கே லிகுரியா கடற்கரையில் விளைகிற பேசிலுக்கு 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. நம் மதுரை மல்லிக்கு இருப்பது மாதிரி. எனக்குப் பிடித்த விஷயம், பெஸ்டோ என்கிற பேசில் துவையலுக்கு அவர்கள் பெரிய செடியைத் தேடுவதில்லை. இரண்டிலிருந்து நான்கு ஜோடி இலை வந்த குட்டிச் செடியை வேரோடு பிடுங்கிச் சிறு சிறு கட்டாகக் கட்டி விற்கிறார்கள். இளம் இலையில்தான் மணம் மென்மையாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

நாமும் அப்படிச் செய்யலாம். வாரம் ஒரு பழைய தட்டில் நெருக்கமாக விதைத்து, கீரை பிடுங்குவது போலப் பிடுங்கிச் சாப்பிடலாம். "வெட்டி வளர்க்கப் பொறுமை இல்லை" என்றவர்களுக்கு இது நல்ல வழி. நாற்றழுகல் வந்தாலும் அடுத்த வாரத் தட்டு இருக்கும்.

மே 8

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பேசிலுக்கு முழு வெயில் வேண்டும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஆறு மணி நேர வெயில் என்பது சித்திரைக்கு முன் சரி. இப்போது காலை வெயில் மட்டும் போதும், மதியத்துக்கு ஐம்பது சதவீத வெயிலை மறைக்கிற பச்சை வலை. தளம் சூடாகி அடியிலிருந்தும் வேர் வேகும், தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மதியம் இலை தொங்கினால் பதறி உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாயங்காலம் எழுகிறதா பாருங்கள். எழாவிட்டால் மண்ணில் விரல் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

ஜூன் 14

தண்டு மூலைகளில் வெள்ளைப் பஞ்சு: மாவுப்பூச்சி. எறும்பு ஏறுகிறதா பாருங்கள், எறும்புதான் காவல். கொஞ்சம் இருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தண்ணீரில் பீய்ச்சி விடுங்கள். நிறைய இருந்தால் அந்தக் கிளையை வெட்டிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளியுங்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த இலையைச் சாப்பிட வேண்டாம்.

இலை மேலே வெளிறி, சுருண்டு, திருப்பிப் பார்த்தால் அடியில் மிளகுப்பொடி தூவியது மாதிரி கறுப்புப் புள்ளி இருந்தால் அது வேறு. சாறு உறிஞ்சுகிற ஒரு சின்னஞ்சிறு பூச்சியின் எச்சம் அந்தப் புள்ளி. வீட்டுத் துளசிக்கும் வரும், அங்கிருந்துதான் பெரும்பாலும் பேசிலுக்குத் தாவுகிறது. இரண்டு தொட்டியையும் தள்ளி வையுங்கள்.

அப்புறம் கொசு. தொட்டி வைத்தால் கொசு வராது என்று சிலர் வாங்கி வைக்கிறார்கள். இலைப் பரப்பில் இருக்கிற சிறு சுரப்பிகளுக்குள் எண்ணெய் அடைந்து கிடக்கிறது, கசக்கினால்தான் வெளியே வரும். சும்மா நிற்கிற செடியை நம்பி வலையைக் கழற்ற வேண்டாம்.

ஜூலை 6

பறித்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் கறுக்கிறது என்ற புகாருக்கு, மார்ச் 16 குறிப்பில் டொரன்டோக்காரருக்குச் சொன்ன காரணமேதான். தண்டோடு வெட்டிச் சமையல் மேடையில் தண்ணீர் டம்ளரில் வையுங்கள், பல நாள் வாடாது.

சமையலில் கடைசியில் போடுங்கள், கொதிக்க விட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். சப்ஜா இலை, தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், துளி புளி வைத்துப் பச்சையாக அரைத்த துவையல் தோசைக்கு அருமை. பெஸ்டோவுக்குப் பைன் கொட்டை கிடைக்காவிட்டால் முந்திரி தாராளம். நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், எள் வாசனை மேலேறிவிடும். தாய்லாந்துச் சமையல் பழகுகிறவர்களுக்கு ஒரு சேதி: அவர்களுடைய க்ராபாவ் நம் துளசியின் இனம், ஹோராபா பேசிலின் இனம். அங்கே இரண்டையும் மாற்றிப் போட மாட்டார்கள்.

ஆகஸ்ட் 23

பூங்கதிர் கண்டதும் கிள்ளு என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்கிறேன். கதிர் விட்டால் தண்டு மரமாகும், இலை சிறுத்துக் கசக்கும். ஆனால் ஒரு செடியை விட்டுவிடுங்கள். காலை வெயில் ஏறியதும் கொசுத்தேனீ வந்து மொய்க்கும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ ஒன்று ஒரு பூவில் இரண்டு நொடிகூட நிற்காமல் அடுத்ததற்குத் தாவும். பக்கத்துத் தொட்டிக் கத்தரிக்கும் அது வருகிறது. பேசில் பூக்காத மாதங்களில் அதை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 17

விதை எடுப்பது. கதிரின் கீழ்ப்பகுதி பழுப்பாகி, தொட்டால் சரசரக்கும்போது வெட்டுங்கள். பூ உதிர்ந்த இடத்தில் ஒரு சிறு குவளை கீழ்நோக்கி வளைந்து நிற்கும். அதைப் புரட்டி உள்ளே பாருங்கள், நான்கு கறுப்பு மணிகள் ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஒரு பூவுக்கு நான்கு, அதற்கு மேல் வராது. பழுப்பாக இருந்தால் இன்னும் முற்றவில்லை. காகிதத்தில் போட்டு நிழலில் காயவைத்து, உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் உமி பறந்துவிடும். ஈரம் படாத புட்டியில் சில ஆண்டு இருக்கும்.

நவம்பர் 12

மூன்று நாளாக விடாத மழை. பிப்ரவரியில் அடியிலிருந்து தண்ணீர் வையுங்கள் என்று எழுதியது வெயில் மாதங்களுக்கு. இப்போது தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டையே எடுத்துவிடுங்கள். முடிந்தால் தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே இழுத்து வைத்து, செடிக்குச் செடி இடைவெளி விடுங்கள்.

இலையில் நரம்புக்கு நடுவே மட்டும் மஞ்சளாகி, அடியில் சாம்பல் கலந்த ஊதாப் பூச்சு தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட வேண்டாம், இலையைத் திருப்பிப் பாருங்கள். கண்டதும் அந்தச் செடியைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். நோய் வித்து காற்றில் பரவும். இதைத் தாங்குகிற ரகங்களை வெளிநாட்டில் உருவாக்கியிருக்கிறார்கள், நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் அதில் ஒன்று. நம் கடைகளில் அந்த விதையை நான் பார்க்கவில்லை.

நவம்பர் 13

தொட்டியை உள்ளே எடுக்க இடமில்லாதவர்கள் நல்ல நுனிகளை வெட்டி டம்ளரில் வேர் விட வையுங்கள். தாய்ச்செடி போனாலும் ஜனவரிக்குச் செடி இருக்கும்.

டிசம்பர் 20

சேமித்த ஜெனோவீஸ் விதையில் சோம்பு வாசனைச் செடி வந்திருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விதைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் மாடியில் சப்ஜாவும் பூத்திருக்கிறது, தேனீ கலந்துவிட்டது. ஒரே இனத்து ரகங்கள் எளிதில் கலக்கும். சுத்தமான ஜெனோவீஸ் விதை வேண்டுமென்றால் அது பூக்கிற நாட்களில் சப்ஜாவின் கதிர்களையெல்லாம் கிள்ளிவிடுங்கள், அல்லது ஜெனோவீஸ் கதிருக்கு மெல்லிய துணிப்பை கட்டி, காலையில் கதிரை லேசாக உலுக்கி விடுங்கள். தன் மகரந்தத்திலேயே காய்க்கும்.

கலந்த விதையை வீசவேண்டாம். விதைத்து, இலை வந்ததும் ஒவ்வொன்றாகக் கசக்கி முகர்ந்து, பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை வாசனைச் செடி எதுவும் கிடைத்தால் அதன் நுனி ஒன்று எனக்கு வேண்டும், மழையில் என்னுடையது போய்விட்டது. பதிலுக்குக் கருஞ்சிவப்புத் தண்டு ரகத்தின் விதை தருகிறேன்.